இருநூறு மீட்டர்: மூன்று பெண்கள், மூன்று அரசுகள்

1936 ஆகஸ்ட் 11. ஜப்பானில் நள்ளிரவு நெருங்கும் நேரம். பெர்லின் ஒலிம்பிக்கிலிருந்து பெண்களுக்கான 200 மீட்டர் மார்பு நீச்சல் இறுதிப் போட்டி வானொலியில் நேரடியாக ஒலிபரப்பாகிறது. அறிவிப்பாளர் கசாய் சான்செய் முதலில் வழக்கமான வர்ணனையைத்தான் சொல்லத் தொடங்குகிறார். கடைசி ஐம்பது மீட்டரில் ஜப்பானியப் பெண்ணை ஜெர்மனியின் மார்த்தா கெனெங்கர் நெருங்கியதும் வர்ணனை நின்றுவிடுகிறது. "மயெஹாதா, கன்பாரே! மயெஹாதா, கன்பாரே!" என்று ஒரே வாக்கியத்தை இருபது தடவைக்கு மேல் கத்துகிறார். 'கன்பாரே' என்றால் விட்டுவிடாதே, தாக்குப்பிடி என்று பொருள். போட்டி முடிந்ததும் "மயெஹாதா வென்றார்" என்பதையும் அதேபோலத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஜப்பானிய ஒலிபரப்பு வரலாற்றில் அதிகம் நினைவுகூரப்படும் பதிவுகளில் அது ஒன்று.

ஹிதெகோ மயெஹாதா 3 நிமிடம் 3.6 விநாடியில் முதலாவதாக வந்தார். ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் ஜப்பானியப் பெண் அவர். ஆனால் அந்த வெற்றியின் நினைவாக ஒரு தேசம் பாதுகாத்து வைத்திருப்பது ஓர் ஆணின் குரல். குளத்தில் நீந்திக்கொண்டிருந்த பெண்ணுக்கு அந்தக் குரல் கேட்டிருக்க வழியே இல்லை. அவருக்காக என்று சொல்லப்பட்ட அந்த மன்றாட்டு உண்மையில் ஜப்பானிய வீடுகளில் விழித்திருந்தவர்களுக்கானது.

பெண்ணின் உடல் பெறும் வெற்றி யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்வியோடு 200 மீட்டர் மார்பு நீச்சலின் வரலாற்றைப் படித்தால், அந்தப் போட்டியை வென்ற மூன்று பெண்கள் மூன்று விதமான பதில்களைத் தருகிறார்கள். ஒருவரிடம் அவருடைய நாடு உயிரையே பணயமாகக் கேட்டது. இன்னொருவரை "நீ எங்களவள் இல்லை" என்று அவருடைய நாடு குளத்திலிருந்து வெளியேற்றியது. மூன்றாமவரைப் போன்ற பெண்களின் உடலுக்குள் அவருடைய நாடு அவர்களுக்குத் தெரியாமலேயே நுழைந்தது.

அடக்கமான நீச்சல்

நம் ஊர்க் கிணறுகளிலும் குளங்களிலும் 'தவளை நீச்சல்' என்று சொல்வதற்கு நெருங்கிய உறவுடையது மார்பு நீச்சல். இரண்டு கைகளும் மார்பிலிருந்து ஒன்றாக முன்னே போகும். ஒன்றாக விரிந்து நீரை இழுக்கும். கால்கள் மடங்கித் தவளைபோல உதைக்கும். போட்டிகளில் உள்ள நான்கு நீச்சல் முறைகளில் இதுதான் மெதுவானது. இடமும் வலமும் ஒரே மாதிரி அசைய வேண்டும், சுவரை இரு கைகளாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும் என்று விதிகள் இதற்கு அதிகம். கொஞ்சம் பிசகினாலும் வெளியேற்றிவிடுவார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெண்கள் நீந்தலாம் என்று ஒப்புக்கொண்டவர்கள், அவர்களுக்கு ஏற்றதாகப் பரிந்துரைத்தது இந்த நீச்சலைத்தான். தலை நீருக்கு மேலே இருக்கும். நீர் அதிகம் சிதறாது. பார்ப்பதற்கு நிதானமாக, அடக்கமாக இருக்கும் என்பது காரணம். அடக்கமாக நீந்தலாம் என்று சொன்னவர்கள் பந்தயத்தில் நீந்தலாம் என்று சொல்லவில்லை. ஆண்களுக்கான 200 மீட்டர் மார்பு நீச்சல் 1908 லண்டன் ஒலிம்பிக்கிலேயே வந்துவிட்டது. பெண்களுக்கு முதன்முதலில் நீச்சல் அனுமதிக்கப்பட்ட 1912 ஸ்டாக்ஹோமில் இரண்டே பந்தயங்கள்தாம். இரண்டும் இஷ்டப்படி நீந்தும் ஃப்ரீஸ்டைல். அமெரிக்கா அந்த ஆண்டு தன் பெண்களை அனுப்பவே இல்லை. ஆஸ்திரேலியாவில் ஆண்கள் பார்க்கும் இடத்தில் பெண்கள் நீந்தலாமா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய ரோஸ் ஸ்காட்டே அதைக் கூடாது என்றார். பெண்களின் கண்ணியத்தைக் காப்பது பற்றி அவருக்கு இருந்த கவலை, நீந்த விரும்பிய பெண்களுக்குத் தடையாக வந்து நின்றது. ஃபேனி டுராக் என்ற ஆஸ்திரேலியப் பெண் அந்த எதிர்ப்பைத் தாண்டிச் சென்று 100 மீட்டரில் தங்கம் வென்றார்.

பெண்களின் 200 மீட்டர் மார்பு நீச்சல் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில்தான் சேர்க்கப்பட்டது. பிரிட்டனின் லூசி மார்ட்டன் 3 நிமிடம் 33.2 விநாடியில் முதல் தங்கத்தைப் பெற்றார்.

1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 16 வயது ஆஸ்திரேலியப் பெண் கிளேர் டென்னிஸ் இதே போட்டியில் கலந்துகொண்டபோது, அவருடைய நீச்சலுடையில் தோள்பட்டை எலும்பு அதிகமாகத் தெரிகிறது என்று புகார் எழுந்தது. கை தடையில்லாமல் அசைய முதுகில் துணி குறைக்கப்பட்ட உடை அது. புகார் நிராகரிக்கப்பட்டது, டென்னிஸ் 3 நிமிடம் 6.3 விநாடியில் தங்கம் வென்றார். அவரைவிட ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகச் சுவரைத் தொட்டவர், 18 வயது ஹிதெகோ மயெஹாதா.

பத்தில் ஒரு விநாடியின் கடன்

மயெஹாதா வாகயாமா மாநிலத்தில், கினோ ஆற்றங்கரையில் உள்ள ஹஷிமோதோ என்ற ஊரில் 1914-இல் பிறந்தவர். பெற்றோர் தோஃபு செய்து விற்றவர்கள். ஆற்றில் நீந்திப் பழகிய பெண், திறமையால் நகோயா நகரின் சுகியாமா பெண்கள் பள்ளிவரை வந்தார். 1931-இல் ஒரே ஆண்டுக்குள் தாயும் தந்தையும் இறந்தார்கள். அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் வெள்ளி வென்றார்.

அதற்கு முன் ஒலிம்பிக் பதக்கம் பெற்றிருந்த ஜப்பானியப் பெண் ஒரே ஒருவர்தான். 1928 ஆம்ஸ்டர்டாமில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற கினுஎ ஹிதோமி. அந்த ஓட்டத்தின் முடிவில் பெண்கள் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் பெரிதுபடுத்தி எழுத, பெண்களுக்கு அவ்வளவு தூரம் ஆகாது என்று 800 மீட்டரை ஒலிம்பிக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 1960 வரை அது திரும்பி வரவில்லை. ஹிதோமி 1931-இல், 24 வயதில் இறந்துபோனார். இந்தப் பின்னணியில் மயெஹாதா பெற்ற வெள்ளியைப் பெரிய சாதனையாகக் கொண்டாடியிருக்கலாம். பெற்றோரை இழந்திருந்த அந்தப் பெண்ணும் இத்தோடு போதும் என்றுதான் நினைத்தார்.

ஊர் திரும்பியவரை டோக்கியோ மேயர் ஹிதெஜிரோ நகாதா சந்தித்தார். 1940 ஒலிம்பிக்கை டோக்கியோவுக்குக் கொண்டுவர முயன்றுகொண்டிருந்தவர் அவர். ஏன் தங்கம் வாங்கவில்லை, பத்தில் ஒரு விநாடியில் விட்டுவிட்டாயே என்று அவர் வருத்தப்பட்டதை மயெஹாதா பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தப் பத்தில் ஒரு விநாடி அவர்மேல் கடனாக ஏறியது. அடுத்த நான்கு ஆண்டுகள் அதை அடைப்பதற்கான உழைப்பு. 1933 செப்டம்பரில் 3 நிமிடம் 0.4 விநாடியில் நீந்தி உலக சாதனை படைத்தார். அதுவும் போதவில்லை. பெர்லின் தங்கம்தான் கணக்கில் சேரும்.

1936 ஜூலை கடைசியில் 1940 ஒலிம்பிக் டோக்கியோவுக்கு என்று முடிவானது. சில நாட்களில் பெர்லின் போட்டிகள் தொடங்கின. ஜப்பானிலிருந்து தந்திகள் வந்து குவிந்தன. தோற்றால் உயிரோடு ஊர் திரும்பமுடியாது என்ற மனநிலையில் இருந்ததாகவும், போட்டிக்கு முன் கோயில் தாயத்துக் காகிதத்தைத் தண்ணீரோடு விழுங்கியதாகவும் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். கெனெங்கரை அவர் முந்தியது 0.6 விநாடியில். அந்த இடைவெளிக்கு மறுபுறம் என்ன காத்திருந்தது என்பது வானொலிக்கு முன் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாது.

இதே போட்டியில் மூன்றாவதாக வந்தவரை நாம் கவனிக்க வேண்டும். டென்மார்க்கின் இங்கெ சோரன்சன். வயது 12. அவருடைய நாட்டு வானொலி அறிவிப்பாளர் அவரைக் 'குட்டி அழகி இங்கெ' என்ற பொருளில் அழைக்க, வாழ்நாள் முழுவதும் அந்தப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. ஒரே குளம், ஒரே மூன்று நிமிடம். ஒரு பெண்ணை நாட்டின் போர்வீரனாகவும் இன்னொரு பெண்ணை வீட்டின் செல்லக்குழந்தையாகவும் இரண்டு ஆண் குரல்கள் மாற்றிவிட்டன. உலகின் மூன்றாவது வேகமான மார்பு நீச்சல்காரி என்பது இரண்டாம் பட்சமானது.

"இவள் ஹங்கேரியின் நீச்சல் வீராங்கனை"

அதே பெர்லின் குளத்திலிருந்து இன்னொரு ஒலிபரப்பு புடாபெஸ்ட் நகரை எட்டியது. ஹங்கேரியின் ஃபெரென்ஸ் சிக் ஆண்களுக்கான 100 மீட்டரில் தங்கம் வென்ற செய்தி அது. அதைக் கேட்ட ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தானும் நீச்சலில் வெல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டாள். பெயர் ஏவா சேகெய். யூதக் குடும்பத்துப் பெண்.

அந்த ஆண்டு பெர்லினுக்குப் போக மறுத்த யூதப் பெண்களும் இருந்தார்கள். ஆஸ்திரிய நீச்சல் வீராங்கனை யூதித் டாய்ச்சும் அவருடைய சங்கத்தைச் சேர்ந்த ரூத் லாங்கர், லூசி கோல்ட்னர் ஆகியோரும் ஹிட்லரின் ஒலிம்பிக்கில் நீந்த மாட்டோம் என்றார்கள். ஆஸ்திரிய நீச்சல் சங்கம் அவர்களைத் தடைசெய்தது. டாய்ச்சின் சாதனைகளைப் பதிவேட்டிலிருந்து அழித்தது. அவற்றை மீண்டும் எழுதிச் சேர்க்க அந்தச் சங்கத்துக்கு 1995 வரை ஆயிற்று. நாட்டுக்காக நீந்து என்று கேட்கும் அமைப்பு, நீந்த மாட்டேன் என்று சொல்லும் பெண்ணை எப்படி நடத்தும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

சேகெய்க்கு மறுக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. 1941-இல், 14 வயதில், யூதர் என்பதற்காகச் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அடுத்த நான்கு ஆண்டுகள் அவருக்குப் போட்டி கிடையாது. ஒரு நீச்சல் வீராங்கனை வேகமாக வளரும் வயது அது. 1944 அக்டோபரில் ஹங்கேரியின் ஃபாசிஸ்ட் கட்சியான அம்புச் சிலுவை ஆட்சியைப் பிடித்தது. புடாபெஸ்ட் யூதர்கள் கூட்டங்கூட்டமாக நடத்திச் செல்லப்பட்டார்கள். சேகெயை அழைத்துப்போக ஆயுததாரி வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவருடைய அப்பா, "இவள் ஹங்கேரியின் நீச்சல் வீராங்கனை, இவளைக் காப்பாற்றியதற்காக ஒருநாள் நீ சந்தோஷப்படுவாய்" என்ற பொருளில் மன்றாடினார். அவன் விட்டுப் போனான்.

அந்த அப்பாவின் சொற்கள் மனத்தைவிட்டு அகல மறுப்பவை. தன் மகள் மனிதப் பிறவி, பதினேழு வயதுப் பெண் என்ற காரணங்கள் அந்த வாசலில் செல்லாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நாட்டுக்குப் பயன்படும் உடல் என்றால் ஒருவேளை பிழைக்கலாம். எந்த நாடு அவளைத் தன் குளத்திலிருந்து விரட்டியதோ, அதே நாட்டின் பெயரைச் சொல்லித்தான் உயிர்ப்பிச்சை கேட்க முடிந்தது.

பிறகு சுவிஸ் பாதுகாப்பில் இருந்த ஒரு வீட்டில், நாற்பதுக்கும் மேற்பட்டவர்களோடு இரண்டு அறைகளில் ஒளிந்து வாழ்ந்தார். நீர் இல்லை. காலையில் ஐந்து மாடிப் படிகளை நூறு தடவை ஏறி இறங்கி உடலைத் தயாராக வைத்துக்கொண்டார். யாருடைய உத்தரவும் இல்லாமல், எந்தப் போட்டியும் கண்ணில் தெரியாத காலத்தில், ஒரு பெண் தன் உடலைத் தனக்காகப் பேணிய காட்சி இது.

1948 லண்டனில் நான்காவதாக வந்தார். 1952 ஹெல்சிங்கியில், 25 வயதில், 2 நிமிடம் 51.7 விநாடியில் ஒலிம்பிக் சாதனையோடு தங்கம். கால்கள் தவளைபோல உதைக்க, கைகளைப் பட்டாம்பூச்சிபோல நீருக்கு மேலே வீசி அவர் நீந்தினார். அன்றைய விதி அதை அனுமதித்தது. ஹெல்சிங்கிக்குப் பிறகு பட்டாம்பூச்சி நீச்சல் தனிப் போட்டியாகப் பிரிக்கப்பட்டது. இப்போது அவர் ஹங்கேரியின் பெருமை. அந்த ஆண்டு பெண்களின் ஐந்து நீச்சல் தங்கங்களில் நான்கு ஹங்கேரிக்கு. புதிய அரசு அவற்றைத் தன் சாதனையாகக் காட்டியது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவரைத் துரத்தியதும், இப்போது தோளில் ஏற்றியதும் ஒரே கொடியின் பெயரால்.

நான்கு ஆண்டுகள் கழித்து மெல்போர்னில் நிலைமை மறுபடி மாறியது. 1956 நவம்பரில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட்டில் புகுந்தபோது சேகெய் வெளிநாட்டில் இருந்தார். இரண்டு வயது மகளும் பெற்றோரும் அந்நகரத்தில். என்ன ஆனார்கள் என்ற தகவல் இல்லாமல், தூக்கமில்லாமல், எடை குறைந்து நீந்தினார். வெள்ளி கிடைத்தது. பின்னாளில் அவர் எழுதிய தன்வரலாற்றுக்கு வைத்த தலைப்பின் பொருள்: வென்றவர் மட்டுமே அழலாம்.

ஹெல்சிங்கியின் அதே 200 மீட்டர் தகுதிச் சுற்றில் இந்தியாவிலிருந்து இரண்டு சிறுமிகள் நீந்தினார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கொல்கத்தாவின் ஆரத்தி சாஹா, பம்பாயின் டாலி நசீர். ஓட்டப்பந்தய வீராங்கனைகள் நீலிமா கோஷ், மேரி டிசோசா ஆகியோருடன், சுதந்திர இந்தியா ஒலிம்பிக்குக்கு அனுப்பிய முதல் நான்கு பெண்கள் இவர்கள். ஆரத்திக்கு அப்போது வயது 11. சிறுவயதிலேயே தாயை இழந்து, கங்கைப் படித்துறையில் நீந்தக் கற்றவர். அவருடைய நேரம் 3 நிமிடம் 40.8 விநாடி. சேகெயைவிட 49 விநாடி அதிகம் என்று அதைப் பார்க்கலாம். 28 ஆண்டுகளுக்கு முன் இதே போட்டியில் தங்கம் வென்ற லூசி மார்ட்டனைவிட எட்டு விநாடிக்கும் குறைவான வித்தியாசம் என்றும் பார்க்கலாம். 1959-இல் ஆரத்தி 16 மணி 20 நிமிடத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அதைச் செய்த முதல் ஆசியப் பெண். அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ. அந்த விருதைப் பெற்ற முதல் இந்திய விளையாட்டு வீராங்கனை அவர்தான். குளம் தராத இடத்தைக் கடல் தந்தது.

பெல்கிரேடில் தெரிந்ததும் தெரியாததும்

நீச்சலுக்கென்று தனியாக உலக சாம்பியன்ஷிப் முதன்முதலில் நடந்தது 1973 செப்டம்பரில், யூகோஸ்லாவியாவின் பெல்கிரேடில். பெண்களின் 100 மீட்டர், 200 மீட்டர் மார்பு நீச்சல் இரண்டிலும் தங்கம் வென்றவர் கிழக்கு ஜெர்மனியின் ரெனாட்டே ஃபோகல். வயது 18. பெண்களின் 14 போட்டிகளில் பத்தை அந்த நாடே வென்றது. முந்தைய ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் நீச்சலில் ஒரு தங்கம்கூடப் பெறாத பெண்கள் அணி அது. நாட்டின் மக்கள்தொகையோ ஒன்றே முக்கால் கோடிக்கும் குறைவு.

பத்திரிகைகள் வியந்தன. வியப்புக்கு அவை கண்டுபிடித்த காரணங்களில் முக்கியமானது நீச்சலுடை. கிழக்கு ஜெர்மானியப் பெண்கள் மெல்லிய, உடலோடு ஒட்டிய உடை அணிந்திருந்தார்கள். அமெரிக்கப் பெண்களின் உடையில் அப்போதும் முன்புறம் 'நாகரிகத்துக்காக' ஒரு மடிப்புத் துணி இருந்தது. இந்த உடை கண்ணியமானதா, ஈரமானால் உடல் தெரிகிறதா என்று விவாதித்தார்கள். 1932-இல் கிளேர் டென்னிஸின் தோள்பட்டையைப் பார்த்த கண்கள் நாற்பத்தோரு ஆண்டுகள் கழித்தும் அதே இடத்தில்தான் நின்றன. துணிக்கு மேல் தெரிந்ததைப் பேசிக்கொண்டிருந்தவர்கள், தோலுக்கு அடியில் நடந்துகொண்டிருந்ததைக் கேட்கவில்லை.

கிழக்கு ஜெர்மனியின் விளையாட்டு மருத்துவர்கள் 1960-களின் இறுதியிலிருந்தே ஆண் ஹார்மோன் வகை ஊக்கமருந்துகளைப் பயன்படுத்தி வந்தார்கள். 1974-இல் அது 'அரசுத் திட்டம் 14.25' என்ற பெயரில் ரகசியக் கொள்கையாகவே ஆனது. மருந்தின் பெயர் ஓரல் டுரினாபோல். சிறிய நீல மாத்திரை. பெண்களின் உடலில் இயல்பாக இந்த ஹார்மோன் மிகக் குறைவு என்பதால், வெளியிலிருந்து கொடுத்தால் பலன் பெரிதாகத் தெரியும். எனவே பெண்கள், அதிலும் பருவமடையும் வயதுச் சிறுமிகள், அரசுக்கு மிக லாபகரமான உடல்கள் ஆனார்கள். பலரிடம் வைட்டமின் என்று சொல்லியே கொடுக்கப்பட்டது. பெற்றோரிடம் சொல்லப்படவில்லை. குரல் உடைந்தது, முடி வளர்ந்தது, மாதவிடாய் குழம்பியது. பிற்காலத்தில் கல்லீரல் கோளாறுகளும் பிள்ளைப்பேற்றுச் சிக்கல்களும் வந்ததாகப் பலர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். என்ன மருந்து, எவ்வளவு, என்ன விளைவு என்பது மருத்துவர்களின் அறிக்கைகளாக ரகசியக் காவல்துறையின் கோப்புகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. தங்கள் உடலைப் பற்றி அந்தப் பெண்களுக்குத் தெரியாதது ஒற்றர்களுக்குத் தெரிந்திருந்தது.

ரெனாட்டே ஃபோகல் 1979-இல் மேற்கு ஜெர்மனிக்குத் தப்பிச் சென்றார். கிழக்கு ஜெர்மனி விளையாட்டில் நடந்த ஊக்கமருந்துப் பயன்பாட்டை வெளியுலகில் பேசிய ஆரம்பகால வீராங்கனைகளில் அவரும் ஒருவர். சுவர் விழ இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன. அரசு எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டிருந்தது. தன் உலக சாம்பியன் பட்டத்தின்மேலும் நிழல் விழும் என்று தெரிந்தே ஒரு பெண் உண்மையைப் பேசுவது எளிதல்ல.

எதிர்ப் பக்கத்திலும் பேசிய பெண்ணுக்குக் கிடைத்த மரியாதை பெரிதாக இல்லை. 1976 மாண்ட்ரியலில் கிழக்கு ஜெர்மானியப் பெண்களின் தசைகளையும் குரலையும் சுட்டிக்காட்டி அமெரிக்காவின் ஷெர்லி பாபஷோஃப் சந்தேகம் எழுப்பினார். தோல்வியை ஏற்கத் தெரியாதவர் என்று அவருடைய நாட்டுப் பத்திரிகைகளே அவருக்குச் 'சிடுமூஞ்சி ஷெர்லி' என்று பெயர் வைத்தன. பிறகு அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தது. ஆனால் அந்தக் காலத்துக் கேலியில் இன்னொரு அநியாயமும் கலந்திருந்தது. 'ஆண்பிள்ளை மாதிரி இருக்கிறாள்' என்ற ஏளனம் முழுவதும் மாத்திரை விழுங்கிய பதினாறு வயதுப் பெண்மேல் விழுந்தது. மாத்திரையை எண்ணிக் கொடுத்த ஆண்கள் படத்திலேயே இல்லை.

அவர்களைப் படத்துக்குள் கொண்டுவந்ததில் பெரும் பங்கு ஒரு பெண்ணுக்கு உண்டு. கிழக்கிலிருந்து தப்பி வந்த வட்டெறி வீராங்கனை பிரிகிட்டே பெரண்டோங்க், கணவர் வெர்னர் ஃப்ராங்கேயுடன் சேர்ந்து ரகசிய ஆவணங்களைத் தேடியெடுத்து 1991-இல் நூலாக வெளியிட்டார். அதன்பின் வழக்குகள் தொடர்ந்தன. 2000-இல் பெர்லின் நீதிமன்றம், விளையாட்டுத் துறையின் தலைவராக இருந்த மன்ஃப்ரெட் ஏவால்டையும் மருத்துவர் மன்ஃப்ரெட் ஹோப்னரையும் 142 பெண்களுக்கு உடல் தீங்கு விளைவிக்கத் துணைபோனதாகத் தண்டித்தது. ஏவால்டுக்கு 22 மாதம், ஹோப்னருக்கு 18 மாதம். இரண்டும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனைகள். ஒருநாள்கூட அவர்கள் சிறையில் இருக்க வேண்டியிருக்கவில்லை. பதக்கப் பட்டியல்களும் மாறவில்லை.

இதில் மிகக் கொடியது எது என்று யோசித்தால் எனக்கு உடல்நோயைவிட இன்னொன்று படுகிறது. அந்தப் பெண்கள் நிஜமாகவே விடியற்காலையில் எழுந்து ஆயிரக்கணக்கான மீட்டர் நீந்தினார்கள். உழைப்பு அவர்களுடையது. ஆனால் வெற்றியில் எவ்வளவு தன் உழைப்பு, எவ்வளவு நீல மாத்திரை என்று அவர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாதபடி ஆக்கிவிட்டார்கள். மயெஹாதாவின் வெற்றியை நாடு கொண்டாட்டத்தில் எடுத்துக்கொண்டது. இவர்களுடையதை நாடு தொடங்கும் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது.

குளத்துக்குத் திரும்பியவர்கள்

மூவரும் வேறு வேறு காலத்தவர்கள். அவர்களை ஆண்ட அரசுகளும் ஒன்றல்ல. பேரரசு, ஃபாசிசம், பொதுவுடைமையின் பெயரில் நடந்த ஆட்சி என்று கொடிகள் மாறின. கொடி மாறியபோதெல்லாம் பெண்ணின் உடலை அளக்கும் கோல் மட்டும் மாறவில்லை. அவள் எவ்வளவு வேகமாக நீந்துகிறாள், அதனால் நமக்கு என்ன கிடைக்கும் என்பதே அந்தக் கோல். வென்றால் தேசத்தின் மகள். தோற்றாலோ, மறுத்தாலோ, உண்மை பேசினாலோ அந்த உறவு முறிந்துவிடும். மகள் என்ற சொல்லில் இருக்கும் பாசத்தை நம்பும் முன், இந்த நிபந்தனையையும் நாம் படித்துவிட வேண்டும்.

ஆயினும் இந்த மூவரின் வரலாறு பறிகொடுத்ததோடு முடிந்துவிடவில்லை. சேகெய் மருந்தாளுநராக வேலை பார்த்தார். நீச்சல் பயிற்சியும் தந்தார். 1956-இல் யாரை நினைத்துத் தூக்கமில்லாமல் நீந்தினாரோ அந்த மகள் ஆண்ட்ரியாவுக்குத் தானே பயிற்சியளித்தார். 1972 மியூனிக்கில் மகள் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வென்றார். ஃபோகல் தப்பித்தார், பேசினார். அவர் போன்றவர்கள் பேசத் தொடங்கியதால்தான் பிற்காலத்தில் பலர் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள்.

மயெஹாதா 1937-இல் ஒரு மருத்துவரை மணந்தார். போர் வந்தது, டோக்கியோவின் 1940 ஒலிம்பிக் நடக்கவே இல்லை. யாருக்காக அந்தப் பத்தில் ஒரு விநாடிக் கடனை அடைத்தாரோ அந்த மேயரின் கனவு காணாமல் போனது. அவர் மட்டும் நீரை விடவில்லை. நகோயாவில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார். வீட்டோடு இருந்த தாய்மார்களுக்கென்றும் வகுப்பு நடத்தினார். 1983-இல், 69 வயதில், மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு விழுந்தார். அவருடைய பெற்றோரைக் கொண்டுபோன நோய் அது. உடற்பயிற்சி செய்து தேறி, மறுபடி குளத்தில் இறங்கினார். 1995-இல் இறந்தார்.

அந்தத் தாய்மார்களின் வகுப்பைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். சமையலும் பிள்ளைகளும் முடித்து வந்த, நடுவயதைத் தொட்ட பெண்கள். முதன்முறையாக முகத்தை நீரில் வைக்கப் பயப்படுகிறவர்கள். அவர்கள் வென்று தர வேண்டிய பதக்கம் எதுவுமில்லை. அவர்களுக்காக எந்த நாடும் விழித்திருக்கவில்லை. கரையில் நின்று 'விட்டுவிடாதே' என்று அந்தப் பெண்களுக்குச் சொல்ல உலகத்திலேயே அதிக உரிமை உள்ளவர் அவர்தான். அந்தச் சொல்லின் எடை முழுவதையும் ஒருமுறை தாங்கியவர்.